பஸ்ஸில் பிள்ளையை விட்டவள்

அண்ணாச்சி, உங்கள் மகளை அருவி குணப்படுத்தவில்லை. ஊருக்கு முன்னால் நீங்கள் சொன்னது பொய். தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா என்பது எனக்கு வேண்டாத விஷயம். அந்தப் பேச்சால் ஒரு பெண்ணுக்கு எங்கள் ஊர் வாசல்கள் அடைபட்டன. அவற்றில் பல இன்னும் திறக்கவில்லை. இன்னொரு பெண் செத்தே போனாள். செத்தவள் என் தங்கச்சி. வாசல் அடைபட்டவளைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். படியுங்கள்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் ஊர் மேலகரத்தில் எல்லோருக்கும் அவள் மதினிதான். முறை பார்த்தால் பாதிப் பேருக்கு மதினி ஆகமாட்டாள். ஆனாலும் பல்லுப் போன கிழவிகள்கூட மதினி என்றார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள். குள்ளம். நடக்கும்போது வலது தோள் முன்னால் வரும், திருவிழாக் கூட்டத்தில் வழி பண்ணிக்கொண்டு போகிறவள் மாதிரி. தெரு காலியாகக் கிடந்தாலும் அப்படித்தான் நடப்பாள்.

பீடிக்கு இலை வெட்டுகிறவள். நனைத்த இலையை ஈரச் சாக்கில் சுற்றி முறத்தில், எங்கள் பேச்சில் சொளவில், வைத்து, மேலே கத்தரியையும் அளவுத் தகட்டையும் போட்டு, இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவாள். புகையிலைத் தூளை மட்டும் வீட்டில் வைத்துவிடுவாள். பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது என்று அவளே வைத்துக்கொண்ட சட்டம்.

பிள்ளை பெற்ற அறைக்குள் வெளியாளை லேசில் விடமாட்டார்கள். தீட்டு, கண்ணேறு, காத்து கருப்பு என்று ஆயிரம் சொல்லுவார்கள். மதினியை விட்டார்கள். காரணம் அந்தக் கத்தரி. பிள்ளை பெற்றவள் பக்கத்தில் இரும்பு கிடந்தால் ஒன்றும் அண்டாது என்று மாமியார்களுக்கு ஒரு நம்பிக்கை. "அவ கையில இரும்போடல்லா வாரா, இருந்துட்டுப் போட்டும்" என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறாள். மதினிக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். "எனக்கு இலை வெட்டணும், அவியளுக்குப் பேய வெட்டணும். ரெண்டும் ஒரு கத்தரியில நடந்தாச் சரிதான்" என்பாள்.

எனக்கு மூத்தவன் பிறந்தது ஆனி மாதம். சாரல் பிடித்துக்கொண்ட நேரம். சாரலை மழை என்று சொல்ல முடியாது. மலையிலிருந்து மெதுவாக இறங்கி வந்து ஓட்டின் மேல் உட்கார்ந்து, சுவர் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். துணி காயாது. உப்பு நீர்த்துப்போகும். தலையணையில் ஈர வாசனை அடிக்கும். நான் கட்டிலில் கிடந்தேன். என்ன செய்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு குளத்தின் அடியில் கிடக்கிற மாதிரி இருந்தது. மேலே ஆட்கள் வந்தார்கள், போனார்கள். வாய் அசைந்தது. பிள்ளை அழுகிற சத்தம் எங்கேயோ கரையில் கேட்டது. யாராவது பிள்ளையைக் கொண்டுவந்து என்மேல் வைப்பார்கள். பால் குடிக்கும். எடுத்துக்கொண்டு போவார்கள். ஓட்டுச் சந்தில் தெரிகிற வெளிச்சம் சாம்பலாகும், பாலாகும், திரும்பச் சாம்பலாகும். நான் அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அழுகைகூட வரவில்லை. அழுதிருந்தால் யாருக்காவது புரிந்திருக்கும்.

வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையைத்தான் பார்த்தார்கள். மூக்கு யாரை மாதிரி, நிறம் யாரை மாதிரி என்று பேசினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, ஆம்பளப் பிள்ளயப் பெத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடக்கியே, உனக்கு என்னட்டி கொற?" என்றார்கள். எனக்கும் அதே கேள்விதான். என்ன குறை?

மதினி வந்தபோது பிள்ளையைப் பார்க்கவே இல்லை. நிலைப்படிக்கு உள்ளே சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, சொளவை மடியில் வைத்து வெட்ட ஆரம்பித்தாள். தகட்டை இலைமேல் வைப்பாள், கத்தரி ஒரு சுற்று வரும், துண்டு விழும். கண் இலையிலேயே இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. எழுந்து போ என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். குளத்துக்கு அடியில் கிடந்த எனக்கு அந்தக் கத்தரிச் சத்தம் மட்டும் பக்கத்தில் கேட்டது. சில மத்தியானங்களில் அது நின்றுவிடக் கூடாதே என்று இருந்தது.

ஒரு நாள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"பிள்ளயப் பாத்தா ஒண்ணும் தோணமாட்டேங்குதோ?"

நான் ஓட்டுச் சந்து வெளிச்சத்தைப் பார்த்தேன்.

"எனக்கும் தோணல" என்றாள். "நான் எம்பிள்ளய பஸ்ஸுல விட்டுட்டு இறங்கிட்டேன்."

தென்காசியில் பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டுச் செங்கோட்டை பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். பிள்ளை தூங்கிவிட்டது. துண்டில் சுற்றி ஜன்னல் ஓரமாகச் சீட்டில் படுக்கவைத்தாள். இலஞ்சி வந்ததும் எழுந்து இறங்கினாள். பஸ் போய்விட்டது. இவள் வயல் வரப்பில் நடக்க ஆரம்பித்தாள்.

"எப்படி இருந்துச்சு தெரியுமா? கை ரெண்டும் லேசா இருந்துச்சு. நெல்லு பால்பிடிச்சு நிக்கி. காத்து வீசுது. நான்பாட்டுக்கு நடக்கேன். எங்க போறேன்னு ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரங்கழிச்சுப் பாத்தா கண்டக்டரு பின்னால ஓடியாரான். 'எம்மா, ஏ எம்மா, சாமான விட்டுட்டுப் போறியளே!'ங்கான். துணி மூட்டைன்னு நெனச்சுக்கிட்டான் பாவி. கக்கத்துல இடுக்கியிருக்கான். எங்கிட்ட நீட்டும்போது அது வீல்னு கத்துச்சு பாரு, அவன் பயத்துல வரப்புல உக்காந்துட்டான். கண்டக்டருக்குத் தண்ணி தெளிச்சது யாரு? நான்தான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை பெற்ற பிறகு வந்த முதல் சிரிப்பு. சத்தம் கேட்டு என் மாமியார் எட்டிப் பார்த்தாள். கதை அவளுக்கும் காதில் விழுந்திருக்கிறது. "பச்ச ஒடம்புல்லா, மயக்கத்துல மறந்துருப்பா" என்றாள்.

மதினி கத்தரியை நிறுத்தினாள். "மறக்கல ஆச்சி. விட்டுட்டுத்தான் இறங்குனேன்."

அவ்வளவுதான் அவள். வேறு என்ன சொன்னாலும் இதற்குக் கீழே அடங்கிவிடும். ஊரே அவளுக்கு ஒரு சாக்கு எடுத்துக் கொடுக்கும். மயக்கம், தூக்கக் கலக்கம், கெட்ட நேரம், ராகுகாலம் என்று என்னென்னவோ நீட்டுவார்கள். ஒன்றையும் வாங்கமாட்டாள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி கேட்டாலும் சொல்லுவாள். ரேஷன் கடை வரிசையில் சொல்லுவாள். சில சமயம் எனக்கே கூசும். பெண் பார்க்க வந்த வீட்டாரிடம் ஒரு தடவை இதைச் சொல்லி, பெண்ணின் அம்மா அவளை அடுக்களைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது உண்டு.

பஸ்ஸில் விட்ட அந்தப் பிள்ளை பெண் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயரே பஸ் பிள்ளை. அது எனக்குப் பொறுக்கவில்லை. "பிள்ள மனசு நோவாதா மதினி? இப்படித் தம்பட்டம் அடிக்கியே" என்று கேட்டேன்.

"நான் மறைச்சு வச்சு வேற எவளாவது சொன்னாத்தான் நோவும். விட்டதையும் சொல்லுதேன், திரும்ப வாங்கிக்கிட்டதையும் சொல்லுதேன்லா?" என்றாள்.

அந்தப் பெண் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது. அங்கிருந்தே, "எங்கம்மா அன்னைக்கு எனக்கு டிக்கெட்டும் எடுக்கலக்கா" என்று கத்தியது. இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அது சரியா தவறா என்று இன்றைக்கும் தெரியாது.

மதினியைப் பெரிய வைத்தியச்சி ஆக்க நான் எழுதவில்லை. அவள் மருந்து கொடுத்ததில்லை, மந்திரித்ததில்லை. எனக்குத் தூக்கம் அடியோடு போனபோது தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனதே அவள்தான். மாத்திரை தின்றேன். மாத்திரையும் உதவியது, நாளும் உதவியது, அவளும் உதவினாள். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் பிள்ளை தும்மியது. நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் சொல்லாமல் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. மதினி இலையை வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்து நின்றது.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. தெளிந்தவள் போய் இன்னொருத்தி பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்குச் சரியானதும் என்னிடம் வந்தாள்.

"மில்லுக்காரர் மக கோமதி பிள்ள பெத்து வந்துருக்கா. பேச்சு நின்னுபோச்சாம். நாளைக்கு எங்கூட வா."

"எனக்கு ஆறுதலாப் பேச வராது மதினி. நான் வாயத் தொறந்தாச் சண்டைதான்."

"ஒன்ன யாரு பேசச் சொன்னா? வந்து உக்காரு. அவ ஒன்னயப் பாக்கட்டும். இப்படிக் கெடந்தவ எழும்பி நடமாடுதான்னு தெரியட்டும்."

இன்னொரு கண்டிப்பும் உண்டு. அவரவர் கதையை மட்டும்தான் சொல்ல வேண்டும். அடுத்தவள் நம்மிடம் சொன்னதை வெளியே கொண்டுபோகக் கூடாது. "எங்கதை எனக்குச் சொந்தம், நான் தெருவுல போட்டு ஒடைப்பேன். அடுத்தவ கதைய நான் எப்படித் தொட?" என்பாள்.

அண்ணாச்சி, இனி உங்கள் வீட்டுக் கதை. கோமதியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுக்கா, எங்கப்பா படிக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறாள்.

தலைப்பிரசவத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்த பெண் அவள். மச்சு வீட்டில் பின்னறையில் கிடந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பியே படுத்திருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் போய் உட்கார்ந்தோம். மதினி வெட்டுவாள், நான் வெட்டியதை அடுக்குவேன். ஒரு வாரமோ என்னவோ கழித்து, சுவரைப் பார்த்தபடியே கோமதி கேட்டாள்: "அந்தக் கண்டக்டர் பொறவு என்ன சொன்னாரு?" அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மதினி சந்தோஷத்தில் மறுபடியும் முதலிலிருந்து கதையை ஆரம்பித்தாள். வராந்தாவில் நின்ற உங்கள் காதில் விழுந்தது.

நீங்கள் உள்ளே வந்து நின்ற நிலை எனக்கு நினைவிருக்கிறது. வெள்ளை வேட்டி, கையில் மில் சாவிக் கொத்து. "பெத்த பிள்ளய நடுரோட்டுல போட்டுட்டு ஓடுனவளா எம்மகளுக்குப் புத்தி சொல்லுதது? எந்திரி! வெளிய நட!" என்றீர்கள். சொளவைக் காலால் தள்ளினீர்கள். வெட்டிய இலை அறை முழுவதும் சிதறியது. மதினி குனிந்து அவ்வளவையும் பொறுக்கினாள். வாசலில் நின்று, "ரோட்டுல இல்ல அண்ணாச்சி, பஸ்ஸுல" என்றாள். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள்.

பிறகு கோமதியை ஐந்தருவிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தீர்கள். புத்தி பேதலித்தவர்களை அருவியில் நிறுத்துவது நம் பக்கத்துப் பழக்கம். தலையில் தண்ணீர் அடிக்க அடிக்கத் தெளியும் என்பார்கள். கையைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவதைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் கட்டவில்லை. ஜீப்பில் கௌரவமாகக் கூட்டிப் போனீர்கள். ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. அருவியில் பெண்கள் பக்கம் என்று ஒன்று உண்டு. அங்கே நீங்கள் வர முடியாது.

"அங்கன கதவு கெடையாதுல்லா?" என்றாள் மதினி.

அவளுக்கு அருவி பயம். மேலகரத்துக்காரிக்கு அருவி பயம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். சின்ன வயதில் ஒரு தடவை மூச்சு முட்டியதாம், அதற்குப் பிறகு குழாயடியோடு சரி. அப்படிப்பட்டவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு சீசன் பஸ்ஸில் ஏறினாள்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் கண்டது போலவும் இருக்கிறது, கனவு போலவும் இருக்கிறது. மரங்களுக்கு நடுவே மேகம் இறங்கி நிற்கும். வடைச் சட்டியின் புகை மேலே போகாமல் ஈரத்தில் தங்கிக் கிடக்கும். கடைகளில் மங்குஸ்தானும் பலாச்சுளையும் எண்ணெய்க் குப்பிகளும் பனி படிந்த கண்ணாடிக்குள் இருப்பது போல மங்கலாகத் தெரியும். நடக்க நடக்க அருவிச் சத்தம் பெரிதாகும். பேசிக்கொண்டு வந்தவர்கள் தாமாகவே பேச்சை விட்டுவிடுவார்கள். பெண்கள் பக்கம் போய்விட்டால் யார் யாரென்று தெரியாது. ஒட்டிய சேலை, வழிகிற முடி, மூடிய கண்கள். மில் முதலாளி மகளுக்கும் இலை வெட்டுகிறவளுக்கும் ஒரே பாறைதான்.

கோமதியின் அம்மா, உங்கள் வீட்டு ஆச்சி, எங்களைப் பார்த்துவிட்டார்கள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நான் அங்கன நின்னு மாத்துத் துணியப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் அதே சொல், அதே இடம்.

நானும் மதினியும் கோமதியை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனோம். மதினி நடுங்குவது கோமதியின் உடம்பு வழியாக எனக்கு வந்தது. உள்ளே போனால் வெள்ளை. மேலும் கீழும் கிடையாது. தண்ணீர் விழுகிறதா நாம் மேலே போகிறோமா என்று தெரியாது. அருவிக்குள் நிற்கிற எல்லோரும் கத்துவார்கள். குளிரில் கத்துவார்கள், குதூகலத்தில் கத்துவார்கள், சாமி பெயரைக் கத்துவார்கள். மதினி கோமதியின் காதில் வாயை வைத்து, "கத்து! இங்கன எவளும் திரும்பிப் பாக்கமாட்டா, கத்து!" என்றாள்.

கோமதி முதலில் வெறுமனே கத்தினாள். பிறகு சொல் வந்தது. "எனக்கு வேண்டாம்! எனக்கு அந்தப் பிள்ள வேண்டாம்! என்னைய விட்டுருங்க!" அவள் அப்பா அம்மாவிடம் சொல்ல முடியாத சொல். புருஷனிடம் சொல்ல முடியாத சொல். தண்ணீர் அதை அப்படியே அடித்துக்கொண்டு போயிற்று. பக்கத்தில் ஒரு அம்மாள் முருகா முருகா என்று கூவிக்கொண்டிருந்தாள். மதினியும் கத்தினாள்: "நான் பஸ்ஸுல விட்டேன்! விட்டுட்டு எறங்குனேன்!" என் வாயிலிருந்தும் என்னவோ வந்தது. அதை நான் இங்கே எழுதமாட்டேன். வெளியே வந்து மூன்று பேரும் பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கினோம். கோமதியின் உதடு நீலமாக இருந்தது. "தலை வலிக்கு மதினி, பசிக்கு" என்றாள். பசிக்கிறது என்று அவள் வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

அந்தச் சீசன் முழுக்க இப்படிப் போனோம். நடுவில் ஆச்சி அவளைத் தென்காசி டாக்டரம்மாவிடமும் கூட்டிப் போனார்கள், உங்களிடம் வளையல் கடை என்று சொல்லிவிட்டு. நீங்கள் வெளியே கடைப் பெஞ்சில் காப்பி குடித்துக்கொண்டு, "தண்ணி விழ விழப் புத்தி தெளியுது வேய்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதை நானே கேட்டேன். ஆடி முடிவதற்குள் கோமதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றாள்.

ஆவணியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கமிட்டித் தலைவர் நீங்கள். மைக்கைப் பிடித்து, அருவித் தாய்க்கும் பண்பொழி முருகனுக்கும் நன்றி சொன்னீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெத்த பிள்ளயப் பஸ்ஸுல போட்டுட்டு ஓடுன ஒரு பொம்பள, நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் திரியுதா. மானமுள்ளவன் எவனும் அவள நடைக்குள்ள ஏத்தக் கூடாது" என்றீர்கள். பின்னாலிருந்து மதினியின் குரல் வந்தது.

"ஓடல அண்ணாச்சி. நடந்துதான் போனேன்."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் அவள் கையைக் கிள்ளி, "அருவியில நடந்ததச் சொல்லு மதினி, இப்பமே சொல்லு" என்றேன். "அது கோமதி கதை" என்றாள். கோமதி புருஷன் வீட்டுக்குப் போயிருந்தாள். அதற்குப் பிறகு கத்தரிக்கும் மரியாதை போய்விட்டது. மதினியைக் கண்டால் கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும். சண்டை போட்டால்கூடத் தேவலை. ஒரு சத்தமும் இல்லாமல் சாத்திக்கொள்ளும். சீசனில் மட்டும் அவள் ஐந்தருவியில் பெண்கள் பக்கம் போய் நிற்பாள். அங்கே கூட்டிவரப்படுகிற பெண்களில் யாராவது ஒருத்தி பேச்சில்லாமல் நின்றால் பக்கத்தில் போய் நிற்பாள். மற்ற மாதங்களில் வீட்டில் உட்கார்ந்து இலை வெட்டுவாள்.

என் தங்கச்சி உலகம்மாளுக்குப் பிள்ளை பிறந்தது இதற்கெல்லாம் சில வருடம் கழித்து. உலகு என்றுதான் கூப்பிடுவோம். வாயாடி. குழாயடியில் அவள் நின்றால் மற்றவர்கள் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவளைக் கட்டிக்கொடுத்தது உங்கள் தெருவில்தான். மாசி மாதம் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நாளில் பேச்சு நின்றது. நான் போனால் மாமியார் நடுவில் உட்கார்ந்துகொள்வாள். உலகு என் முகத்தைப் பார்க்கமாட்டாள். கூடப்பிறந்தவளிடம் அதைச் சொல்ல முடியாது. அம்மாவிடம் போய்விடும் என்ற பயம். அதனால்தான் வேறொருத்தி வேண்டும். மதினியைக் கூட்டி வருகிறேன் என்றேன், டாக்டரிடமாவது போவோம் என்றேன்.

"டாக்டர்ட்டப் போனாப் பைத்தியம்னு பேராயிரும்" என்றாள் அவள் மாமியார். "மதினி வேண்டவே வேண்டாம். அண்ணாச்சி மைக்குல சொன்னது மறந்துபோச்சா? அவரு மகளே அருவியிலதான தெளிஞ்சா? சாரல் விழட்டும். விழுந்த மறுநா கூட்டிட்டுப் போறோம்."

"சாரலுக்கு இன்னும் எத்தன நாள் கெடக்கு அத்தை? ஐந்தருவியில இப்பம் குரங்குதான் உக்காந்துருக்கு."

"அதுவரைக்கும் பொறுக்கமாட்டாளாக்கும்?"

மதினி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்கு எதிரே தெருவில் சொளவோடு போய் உட்கார்ந்தாள். கத்தரிச் சத்தமாவது உள்ளே போகட்டும் என்று பங்குனி வெயிலில் உட்கார்ந்து வெட்டினாள். அவர்கள் வாசல் தெளிப்பது போல அவள்மேல் தண்ணீரைக் கொட்டினார்கள். மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இலை நனையத்தான வேணும், எனக்கொரு வேலை மிச்சம்" என்றாள். ஜன்னல் பக்கம் ஒரு நிழல் வந்து நின்றதாக அவள் பிறகு சொன்னாள். அவர்கள் ஜன்னலையும் சாத்தினார்கள்.

சித்திரையில் உலகு இல்லாமல் போனாள். எப்படி என்று எழுதமாட்டேன். கால் வழுக்கியது என்று உங்கள் தெரு சொல்கிறது. மதினி அன்றைக்கு வந்து வெளியே நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. அது அவள் கதை இல்லை. உலகு என் தங்கச்சி. நான் சொல்லுவேன். வழுக்கவில்லை.

அதன்பிறகு ஒரு நாள் நீங்கள் காரில் ஏறும்போது தெருவில் மறித்துக் கேட்டேன். அருவியில் நடந்ததைச் சொல்லாமல், மைக்கில் பேசியதை மட்டும் கேட்டேன். "ஏம்மா, தெருவுல வச்சு என்ன பேச்சு? வீட்டுக்குள்ள வா, காப்பி குடிச்சுக்கிட்டுப் பேசுவோம்" என்றீர்கள். நான் வரவில்லை. இப்போதும் வரமாட்டேன்.

மதினி போன கார்த்திகையில் போய்ச் சேர்ந்தாள். பஸ் பிள்ளையைப் பண்பொழியில் கட்டிக்கொடுத்திருந்தாள். அதற்குப் பிள்ளை பிறந்தபோது சொளவோடு போய் நிலைப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். "எம்மா, எனக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன், நீ போய் வேற வீட்டப் பாரு" என்று அந்தப் பெண் விரட்டியதாம். விரட்டிய வீட்டிலேயேதான் கடைசியில் காய்ச்சலில் கிடந்து கண்ணை மூடினாள். சில மத்தியானங்களில், சாரல் ஓட்டில் உட்கார்ந்திருக்கும்போது, நிலைப்படிப் பக்கம் இலை வெட்டுகிற சத்தம் கேட்டு விழித்துக்கொள்கிறேன். எலியாக இருக்கும். எழுந்து பார்ப்பதில்லை.

நாங்கள் மூன்று நான்கு பேர் இப்போதும் போய் உட்காருகிறோம். சில வீடுகளில் விடுகிறார்கள். மற்ற வீடுகளில் உங்கள் பேச்சைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். நீங்கள் மகனோடு சென்னைக்குப் போய்விட்டீர்கள், பேச்சை எடுத்துக்கொண்டு போகவில்லை.

இந்த ஆவணிக் கொடைக்கு நீங்கள் வருவதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். உங்கள் தெருவில் மேற்கே கடைசி வீட்டில் ஒரு பெண் பிள்ளை பெற்று வந்து, சுவரைப் பார்த்துக் கிடக்கிறாள். போன வாரம் அருவிக்குக் கூட்டிப் போனார்களாம். இந்த வருடம் சாரல் குறைந்து தண்ணீர் நூலாக விழுகிறது. அடுத்த சாரலுக்குப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் போய்க் கதவைத் தட்டினேன். அண்ணாச்சி வேண்டாமென்று சொல்லியிருக்கிறார் என்றார்கள்.

வாருங்கள் அண்ணாச்சி. மேடையில் ஏறுங்கள். நான் கூட்டத்தில் முன்னாலேயே நிற்பேன். உங்கள் மகளுக்குப் பக்கத்தில் அருவிக்குள் நின்றது யார், என் தங்கச்சி தண்ணீர் இல்லாத மாதத்தில் எந்த அருவிக்குப் போயிருக்க வேண்டும், இந்த இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள். வீட்டுக்குள் கூப்பிடாதீர்கள். மைக்கில் சொல்லுங்கள். அந்தக் கடைசி வீடு வரைக்கும் கேட்க வேண்டும்.